சிக் சவர் பி239: எட்டுத் தோட்டாவுக்கு இவ்வளவு எடையா?

தோட்டா நிரப்பிய சிக் சவர் பி239 பிஸ்டலைத் தராசில் வைத்தால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கீழே காட்டும். அவ்வளவையும் சுமந்தால் கிடைப்பது பிடிக்குள் செருகும் மேகஸினில் எட்டு, குழலின் பின்வாயான சேம்பரில் ஒன்று, ஆக மொத்தம் ஒன்பது தோட்டா. அதே கம்பெனி இன்று விற்கும் பி365-இல் பதினொன்று இருக்கும்; எடை முக்கால் கிலோவைத் தொடாது; ஆளும் இதைவிடக் குட்டி. வெறும் கணக்கைப் பார்த்தால் பி239 பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்க வேண்டியதில்லை. கம்பெனிக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். பி365 சந்தைக்கு வந்த 2018-ஐ ஒட்டி இதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்திய பிறகுதான் நான் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். இன்றைக்கும் இடுப்பில் இருப்பது அதுதான். ஏன் என்பதையும், நீங்கள் வாங்கலாமா என்பதையும் எழுதுகிறேன். இரண்டுக்கும் பதில் ஒன்றல்ல.

என்னைப் பற்றிக் கொஞ்சம். ஹூஸ்டனுக்கு மேற்கே குடியிருக்கிறேன். சின்னதாக லாண்ட்ரோமேட் வியாபாரம். துணி துவைக்க வருகிறவர்கள் போடும் குவார்ட்டர் காசும் நோட்டும் நாள் முழுக்கச் சேரும். இரவு கடையைப் பூட்டியதும் பையைத் தூக்கிக்கொண்டு நானே வண்டிக்கு நடக்க வேண்டும். பார்க்கிங்கில் ஒரு விளக்கு எரிந்தால் இன்னொன்று எரியாது. துப்பாக்கி மேல் மோகம் கொண்டு வந்தவன் இல்லை. என் அப்பாவுக்கு இன்றுவரை இது தெரியாது. தெரிந்தால் போனிலேயே பூஜை நடக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எச்1பி, எஃப்1 மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் போலச் சில விலக்குகள் உண்டு. ஆனால் நண்பன் சொன்னான் என்று அதை நம்பி இறங்காதீர்கள். ஒரு வக்கீலிடம் கேளுங்கள். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு அந்தத் தடை இல்லை. நானும் அது கைக்கு வரும்வரை கடைப்பக்கம் போகவில்லை.

இந்தப் பிஸ்டல் ஏன் இந்த அளவில், இந்த எடையில் பிறந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 1994-இல் அமெரிக்காவில் ஒரு மத்திய சட்டம் வந்தது. அதன்பின் தயாராகும் மேகஸின்களில் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்வதைச் சாதாரண மக்களுக்கு விற்க முடியாது. பத்து வருஷம் நீடித்து 2004 செப்டம்பரில் அது காலாவதியானது. அந்தக் காலத்தில் சிக் சவரின் பேர்போன சிறிய பிஸ்டல் பி228. தோட்டாக்களை இரண்டு வரிசையாக அடுக்கும் தடித்த பிடி, பதின்மூன்று கொள்ளும். சட்டப்படி பத்துதான் என்று ஆன பிறகு அந்தத் தடிமனை எதற்குச் சுமக்க வேண்டும்?

இது ஒரு பக்கம். மறுபக்கம், மறைத்து எடுத்துச் செல்ல லைசென்ஸ் தரும் சட்டங்கள் மாநிலம் மாநிலமாக வரத் தொடங்கின. எங்கள் டெக்ஸஸில் ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ் 1993-இல் அதற்கு முட்டுக்கட்டை போட்டார். அடுத்து வந்த ஜார்ஜ் புஷ், அதாவது பிற்பாடு ஜனாதிபதியான மகன் புஷ், 1995-இல் கையெழுத்துப் போட்டார். 1996 ஜனவரி 1 முதல் அது நடைமுறை. பி239 வந்ததும் அதே 1996-இல்தான். ஒற்றை வரிசை மேகஸின், மெல்லிய பிடி, 3.6 அங்குலக் குழல், 6.6 அங்குல நீளம். இன்றைய பையன்களிடம் இதைச் சப்காம்பாக்ட், அதாவது மிகச் சிறிய ரகம், என்று சொன்னால் சிரிப்பார்கள். அன்றைக்கு உலோக உடம்போடு, பெரிய தோட்டாவைச் சுடுகிற பிஸ்டல்களில் இது சின்னதுதான்.

ஆக, ஒரு சட்டமும் இன்னொரு சட்டமும் சேர்ந்து அளவெடுத்துத் தைத்த சட்டை இது. முதல் சட்டம் 2004-இல் போனதுமே இதற்கிருந்த பாதி நியாயம் போய்விட்டது. பிறகு 2012-இல் ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு, 2015-இல் க்ளாக் 43 என்று பிளாஸ்டிக் உடம்பு வைத்த மெல்லிய பிஸ்டல்கள் வரிசையாக வந்தன. ஷீல்டு 19 அவுன்ஸ். பி239 காலி மேகஸினோடு 29.5 அவுன்ஸ். கடைசியாகச் சொந்த வீட்டுப் பிள்ளையான பி365 வந்து கதையை முடித்தது.

சரி, கையில் எடுத்துப் பார்ப்போம். ஃப்ரேம், அதாவது பிடியோடு சேர்ந்த அடி உடம்பு, அலுமினியக் கலவை; மேலே அனோடைஸ் என்ற கறுப்புப் பூச்சு. ஸ்லைடு, அதாவது குழலின்மேல் முன்னும் பின்னும் ஓடும் பகுதி, துருப்பிடிக்காத எஃகு. அதன்மேல் நைட்ரான் என்ற கறுப்புப் பூச்சு. பழைய ஜெர்மன் சிக்குகளில் ஸ்லைடைத் தகடாக அடித்து மடித்திருப்பார்கள். இதில் முழு எஃகுக் கட்டியைக் கடைந்து எடுத்திருக்கிறார்கள், நியூ ஹாம்ப்ஷயரின் எக்ஸிடர் ஆலையில். ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து விடும்போதே வித்தியாசம் தெரியும். ஆட்டமே இல்லாமல், எண்ணெய் போட்ட பூட்டு திறப்பதுபோல வழுக்கிக்கொண்டு வரும். பிளாஸ்டிக் பிஸ்டல்களை இழுக்கும்போது வரும் அந்தக் கரகரப்பு இதில் கிடையாது.

இடப்பக்கம் மூன்று லீவர்கள். முன்னால் இருப்பது கழற்றுவதற்கு. நடுவில் டீகாக்கர். பின்னால் ஸ்லைடைப் பிடித்து நிறுத்துவது. தனியாக சேஃப்டி லீவர் என்று ஒன்று கிடையாது. புதிதாகப் பார்ப்பவர்கள் நடுவில் இருப்பதைத்தான் சேஃப்டி என்று நினைப்பார்கள். அது வேறு வேலை செய்கிறது, கீழே வருகிறேன்.

கழற்றுவது சுலபம். மேகஸினை எடுத்து, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, முன் லீவரைக் கீழே திருப்பி, ஸ்லைடை மெல்ல முன்னால் விட்டால் கழன்று வந்துவிடும். நடுவில் எங்குமே ட்ரிகரை அழுத்த வேண்டாம். க்ளாக்கைப் பிரிக்க ட்ரிகரை அழுத்தித்தான் ஆக வேண்டும். சேம்பரைப் பார்க்க மறந்த ஆசாமிகள் சுவரையும் டிவியையும் சுட்ட கதைகள் சுடப் பழகும் ஒவ்வொரு ரேஞ்சிலும் உண்டு. வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

இப்போது ட்ரிகர். நான் இதை வைத்துக்கொண்டிருப்பதே இதற்காகத்தான். முதல் தோட்டாவுக்கு, பின்பக்கம் வெளியே தெரியும் குட்டிச் சுத்தியலான ஹேமரைப் பின்னால் தூக்குவதும் விடுவதும் இரண்டுமே விரலின் வேலை. சுமார் 10 பவுண்டு அழுத்தம், நீளமான இழுப்பு. சுட்டதும் ஸ்லைடு பின்னால் வந்து ஹேமரைத் தானே தூக்கி வைத்துவிடும். அதற்கப்புறம் நாலரை பவுண்டுக்குள், குட்டி இழுப்பு. சுட்டு முடித்ததும் அந்த நடு லீவரைக் கட்டைவிரலால் அழுத்தினால் தூக்கி நிற்கும் ஹேமர் பத்திரமாக இறங்கி உட்காரும்; பழையபடி முதல் இழுப்பு நீளமாகிவிடும். ட்ரிகரை முழுக்க இழுத்தாலொழிய தோட்டாவைக் குத்தும் ஃபயரிங் பின் நகராதபடி உள்ளே ஒரு தடுப்பும் இருக்கிறது.

மறைத்துக் கட்டுபவனுக்கு இதில் என்ன லாபம் என்றால், பிஸ்டலைத் திரும்ப உறையில் வைக்கும் நேரம். விபத்து நடப்பது பெரும்பாலும் அப்போதுதான். சட்டை நுனியோ, ஜாக்கெட் கயிற்றின் முடிச்சோ ட்ரிகர் வளையத்துக்குள் போய்ச் சிக்கும். கவனிக்காமல் அழுத்தினால் தொடையில் பாயும். பி239-ஐ உறையில் வைக்கும்போது கட்டைவிரலை ஹேமரின் முதுகில் வைத்துக்கொண்டே உள்ளே தள்ளுவேன். ஏதாவது சிக்கி ட்ரிகர் நகர்ந்தால் ஹேமர் எழும்பி விரலை முட்டும். உடனே கை நின்றுவிடும். ஹேமருக்குப் பதில் உள்ளேயே ஒளிந்திருக்கும் ஸ்ட்ரைக்கர் வைத்த இன்றைய பிஸ்டல்களில் தொட்டு உணர வெளியே எதுவுமில்லை. அவை பாதுகாப்பற்றவை என்று சொல்லவில்லை, லட்சக்கணக்கானவர்கள் கட்டுகிறார்கள். எனக்கு அந்த விரல் நுனிச் செய்தி வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு விலை உண்டு. முதல் தோட்டா. பழக்கமில்லாதவர்கள் பத்துப் பவுண்டை இழுக்கும்போது மொத்தக் கையையும் சேர்த்து இறுக்கிவிடுவார்கள். வலக்கைக்காரர் என்றால் தோட்டா இடப்பக்கம் கீழே போய் உட்காரும். இரண்டாவது தோட்டாவில் ட்ரிகர் திடீரென்று லேசாகிவிடுவதால், எதிர்பார்ப்பதற்கு முன்பே வெடித்து அது வேறெங்கோ போகும். ரேஞ்சில் நாள் முழுக்க ஹேமரைக் கையால் தூக்கி வைத்து லேசான இழுப்பிலேயே சுட்டுவிட்டு, "நல்லாத்தான் சுடுறேன்" என்று வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்க்கிறேன். இருட்டில் வேண்டியிருக்கும் அந்த முதல் இழுப்பை அவர்கள் பழகவே இல்லை. இந்தப் பிஸ்டலை வாங்கினால் ஒரு தோட்டா சுடு, டீகாக் பண்ணு, மறுபடி ஒன்று சுடு என்பதுதான் பயிற்சி. சலிப்பாகத்தான் இருக்கும். வீட்டில் காலித் துப்பாக்கியோடு, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து இழுத்துப் பழகினால் காசும் மிச்சம்.

டெக்ஸஸ் லைசென்ஸ் தேர்வை நான் இதில்தான் சுட்டேன். மொத்தம் 50 தோட்டா: 3 கெஜத்தில் 20, 7 கெஜத்தில் 20, 15 கெஜத்தில் 10. அதிகபட்சம் 250 புள்ளி, 175 எடுத்தால் பாஸ். கஷ்டமான தேர்வே இல்லை. ஆள் உயரக் காகிதத்தில் நடு மார்பைச் சுற்றிப் போட்டால் போதும். ஆனால் அன்று பக்கத்து வரிசையில் குட்டிப் பிஸ்டலோடு நின்றவர்களின் கைகளைப் பார்த்தேன். ஒவ்வொரு வெடிக்கும் மணிக்கட்டு துள்ளி, சுண்டுவிரல் பிடிமானம் தேடி நழுவி, மறுபடி பிடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். பி239-இல் மூன்று விரலும் பிடியில் உட்காரும், மேகஸினின் அடியில் இருக்கும் சின்ன உதட்டோடு சேர்த்து. எடை உதையை விழுங்கிக்கொள்ளும். 124 கிரெய்ன் (சுமார் 8 கிராம்) எடைக் குண்டு வைத்த தோட்டாவுக்கும், குறிபார்க்கும் முன்முனையான முன் குறி உடனே பழைய இடத்துக்கு வந்து நிற்கும்.

என் மனைவியின் தீர்ப்பு வேறு. ரேஞ்சில் குட்டிப் பிஸ்டல் ஒன்றையும் இதையும் சுட்டுப் பார்த்துவிட்டு, "சுடறதுக்கு இதுதாங்க நல்லா இருக்கு" என்று பி239-ஐக் காட்டினாள். "அப்போ உனக்கு இதையே வாங்கலாமா?" என்றேன். "ஏங்க, என் ஹேண்ட்பேக்ல ஏற்கெனவே என்னென்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?" இரண்டுமே சரி. ஒரு கிலோவைச் சுமக்க நல்ல பெல்ட் வேண்டும். அதுவும் சாதாரண ஜீன்ஸ் பெல்ட் போதாது. ஒன்றரை அங்குல அகலத்தில், உள்ளே விறைப்பான பட்டை வைத்துத் தைத்தது. அது இல்லாமல் கட்டினால் மதியத்துக்குள் பேண்ட் ஒரு பக்கம் இறங்கும். வழியில் நிற்பவனுக்குக்கூடத் தெரிந்துவிடும் நீ எதையோ வைத்திருக்கிறாய் என்று. அப்புறம் மறைப்பதற்கு என்ன அர்த்தம்?

நான் வலது இடுப்பின் பின்பக்கம், பேண்டுக்கு உள்ளே கட்டுகிறேன். நின்றால் நடந்தால் தெரியாது. குனிந்தால்தான் வினை. இந்தியக் கடையில் கீழ்த்தட்டில் இருக்கும் இருபது பவுண்டு பொன்னி அரிசி மூட்டையை எடுக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுக்கப் பழகிவிட்டேன். முதுகு வலிக்கு டாக்டர் சொன்ன அறிவுரையும் அதுதான், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். காரில் சீட் பெல்ட்டோடு முட்டும். நீண்ட பயணம் என்றால் தொந்தரவு. ஆடைகளில் மேலே விட்ட அரைக்கைச் சட்டை, கொஞ்சம் தடித்த துணியில், கோடு போட்டதோ கட்டம் போட்டதோ என்றால் உத்தமம். குர்தாவை நம்பாதீர்கள். தொளதொளவென்று இருக்கிறதே, நன்றாக மறைக்குமே என்றுதான் தோன்றும். பக்கவாட்டு வெட்டு சரியாகப் பிஸ்டல் இருக்கும் இடத்தில் வரும். காற்றடித்தால் கதை கந்தல்.

ஹூஸ்டன் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மே முதல் அக்டோபர் வரை உடம்பில் உப்பு ஊறிக்கொண்டே இருக்கும். ஸ்லைடு தாங்குகிறது, இதுவரை ஒரு புள்ளி துரு இல்லை. ஆனால் பிடியின் திருகுகள், ஹேமர், லீவர்கள் சாதாரண எஃகு. ஒரு கோடையில் பிடித் திருகுகளைச் சுற்றிப் பழுப்பு நிறம் கண்டது. இப்போது வாராவாரம் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைக்கிறேன். ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களுக்கு எண்ணெயைவிடக் கிரீஸ் நல்லது. ஃப்ரேம் அலுமினியம், ஸ்லைடு எஃகு. இரண்டும் உரசினால் தேய்வது மென்மையான அலுமினியம்தான்.

எங்கெல்லாம் கொண்டு போகலாம் என்பதை நம் ஆட்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். டெக்ஸஸில் 2021 செப்டம்பர் முதல், சட்டப்படி தகுதியுள்ள, 21 வயது நிரம்பியவர்கள் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கி கட்டலாம். "அப்புறம் எதுக்கு அண்ணே லைசென்ஸுக்குக் காசு கட்டுனீங்க?" என்று ஒரு தம்பி கேட்டான். பள்ளிக்கூடங்களைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதற்கு மத்திய சட்டத்தில் தடை இருக்கிறது. அந்த மாநிலத்தின் லைசென்ஸ் உள்ளவர்களுக்கு அதில் விலக்கு. நம் புறநகர்ப் பகுதிகளில் ஆயிரம் அடிக்குள் ஒரு பள்ளிக்கூடத்தைக் கடக்காமல் பால் வாங்கவே போக முடியாது.

பள்ளிக் கட்டடத்துக்குள் லைசென்ஸ் இருந்தாலும் கூடாது. வாராந்தரத் தமிழ் வகுப்புகளும் பொங்கல் விழாவும் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த பள்ளிக் கட்டடங்களில்தானே நடக்கின்றன. பிள்ளையை விடப் போகிற நாளில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதுதான் நிம்மதி. வழியில் கடைக்குப் போகும் வேலை இருந்தால் காரில் கம்பி கட்டிப் பிணைத்த இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவிடுவேன். வாசலில் 30.06 (மறைத்துக் கட்டியவர்களுக்கு), 30.07 (வெளியே தெரியக் கட்டியவர்களுக்கு) என்ற டெக்ஸஸ் சட்டப் பிரிவு எண்களோடு பெரிய எழுத்தில் பலகை இருந்தால் அதுவும் 'உள்ளே வராதே' என்றுதான் பொருள். கோயில்கள் சிலவற்றில் பார்த்திருக்கிறேன். வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வரும் பார்களில் சிவப்பாக 51 சதவீதம் என்று போட்டிருக்கும். அங்கே கூடவே கூடாது. வீட்டில் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை எடுக்கும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைப்பதும் டெக்ஸஸில் குற்றம். கட்டில் பக்கத்தில் விரலால் எண் அழுத்தித் திறக்கும் பெட்டி ஒன்று பதித்திருக்கிறேன். பிஸ்டல் விலையோடு அந்தச் செலவையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

இனி வாங்கும் விஷயம். பழைய பி239 மூன்று தோட்டா அளவுகளில் கிடைக்கும்: 9 மி.மீ., .40 (அதாவது 0.40 அங்குல விட்டம்), .357 சிக். கடையில் மற்றவற்றைவிட மலிவாக ஒன்று கண்ணில் பட்டால் அது அனேகமாக .40. காரணம் எளிது. தொண்ணூறுகளில் போலீஸ் துறைகள் எல்லாம் .40-க்கு ஓடின, பிறகு எஃப்.பி.ஐ.யே 9 மி.மீ.க்குத் திரும்பியதும் கூட்டம் மொத்தமும் திரும்பியது. நூறு டாலர் மிச்சம் என்று .40-ஐ எடுக்காதீர்கள். மேகஸினில் ஏழுதான் கொள்ளும், உதை அதிகம், தோட்டா விலையும் அதிகம். இந்தப் பிஸ்டலின் ஒரே பெரிய குணம் சுடும்போது சாதுவாக இருப்பது. அதையும் விட்டுக்கொடுத்துவிட்டு வெறும் எடையை மட்டும் சுமப்பானேன்?

கடையில் மேசைமேல் வைத்தே செய்ய வேண்டிய சோதனைகள்: கடைக்காரர் அனுமதியோடு ஸ்லைடைக் கழற்றி ஃப்ரேமின் தண்டவாளங்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கறுப்புப் பூச்சு உரசலில் போய் வெள்ளி நிறம் தெரிவது சகஜம். விரல் நகத்தை ஓட்டினால் பள்ளமாகத் தட்டுப்பட்டால் வைத்துவிட்டு வாருங்கள். ஸ்லைடை முன்னால் தள்ளும் சுருள்வில் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். பத்துப் பதினைந்து டாலர் சமாச்சாரம். இரவில் ஒளிரும் குறி இருக்கிறது என்று விலையை ஏற்றினால் அதன் வயதைக் கேளுங்கள். அதில் ஒளிர்வது டிரிட்டியம். பன்னிரண்டு வருஷத்தில் பாதியாகிவிடும் சரக்கு. என்னுடையதில் வாங்கும்போதே இருட்டறையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு தேட வேண்டியிருந்தது. குறியை மாற்றப் போட்ட காசில் ஒரு வருஷத்துத் தோட்டா வாங்கியிருக்கலாம்.

மேகஸினை மட்டும் இரண்டு முறை பாருங்கள். நான் வாங்கிய கடையில் "பெட்டியோடு, இரண்டு மேகஸினோடு, புதுசு மாதிரி" என்று 600 டாலர் சொன்னார்கள். ஒன்று சரியானது. இரண்டாவதன் பக்கவாட்டில் பொறித்திருந்ததைப் படித்தால் .40-க்கானது. காட்டினேன். கவுண்டரில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெட்டியில் வந்ததை அப்படியே வைத்தோம்" என்றார். விலையில் முப்பது டாலர் குறைத்தார். சரியான மேகஸின் வெளியே அதைவிட அதிகம். வேறு கடையில் தேடினால் வேறு ஏதாவது குறை இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். 9 மி.மீ.க்குக் கம்பெனி பத்துத் தோட்டா மேகஸினும் போட்டிருந்தது, கொஞ்சம் நீளமாக வெளியே நிற்கும். கிடைத்தால் இடுப்பில் எட்டையும், பையில் மாற்றாகப் பத்தையும் வைக்கலாம்.

உறை கிடைப்பதும் வருஷத்துக்கு வருஷம் சிரமமாகிக்கொண்டு போகிறது. பி365-க்குப் பெட்டிக்கடையில்கூட உறை கிடைக்கும் போல. பி239-க்குச் சொல்லிச் செய்ய வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். விளக்குப் பொருத்த அடியில் தண்டவாளம் இல்லை. மேலே சிவப்புப் புள்ளிக் கண்ணாடி வைக்க இடமும் இல்லை. இப்போதெல்லாம் கண் மங்கத் தொடங்கிய என் வயதுக்காரர்கள் அந்தப் புள்ளியைத்தான் நாடுகிறார்கள். எனக்கும் இன்னும் சில வருஷத்தில் முன் குறி இரண்டாகத் தெரியத் தொடங்கும். அப்போது இந்த மதிப்புரையை நானே திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

உலோக உடம்புதான் வேண்டும் என்றால் வேறு பழைய ஆட்களும் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸன் 3913 இதைவிட நாலைந்து அவுன்ஸ் லேசு, அதே எட்டுத் தோட்டா, இடுப்பில் இதைவிடத் தட்டையாகப் படியும். ஆனால் சேஃப்டி லீவர் ஸ்லைடின்மேல் இருக்கிறது. கட்டைவிரல் மேல்நோக்கித் தள்ள வேண்டும். மேகஸினைக் கழற்றிவிட்டால் சேம்பரில் தோட்டா இருந்தாலும் சுடாது. சிலருக்கு அது வரம், எனக்கு எரிச்சல். செக் நாட்டு சி.இசட். 2075 ராமி என்று ஒன்று 2020 வரை வந்தது. பத்துத் தோட்டா, நிஜமாகவே குட்டி, ஆனால் இரட்டை வரிசைப் பிடி என்பதால் தடிமன் உண்டு. இரண்டையும் சுட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டுமே நல்ல பிஸ்டல்கள். புதிதாக, உத்தரவாதத்தோடு, இதே ட்ரிகர் வேண்டும் என்பவர்கள் சிக்கின் பி229-ஐப் பார்க்கலாம். லீவர்கள் அதே இடத்தில் இருக்கும். அதை மறைப்பது இன்னும் பெரிய பாடு.

முதன்முதலாக ஒன்று வாங்குகிறவர் என்னிடம் கேட்டால் பி239-ஐச் சொல்லமாட்டேன். பி365-ஐயோ ஷீல்டையோ வாங்கிக்கொண்டு, மிச்சப்படும் காசில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போங்கள் என்பேன். லேசாக இருந்தால்தான் தினமும் கட்டுவீர்கள். கனமானது அலமாரியிலேயே தங்கிவிடும். ஏற்கெனவே ஒன்று வைத்திருந்து, அந்தக் குட்டி இழுப்பு ட்ரிகரோடு வயிற்றுப் பக்கம் கட்ட மனசு ஒப்பாதவர்கள், மாதம் ஒருமுறையாவது ரேஞ்சுக்குப் போகிறவர்கள், உடம்பில் கொஞ்சம் சதையும் இடுப்பில் நல்ல பெல்ட்டும் உள்ளவர்கள், இவர்களுக்கு 9 மி.மீ. பி239 ஏமாற்றம் தராது. 550 முதல் 650 டாலருக்குள் கொடுக்கலாம். அதற்குமேல் கேட்டால் "இனிமேல் கிடைக்காது" என்ற பேச்சுக்குத்தான் காசு வாங்குகிறார்கள்.

வாங்க முடிவுசெய்தால், பிஸ்டலுக்கு முன்னால் மேகஸினைத் தேடத் தொடங்குங்கள். 9 மி.மீ. என்று பக்கவாட்டில் பொறித்த, உதடு வளையாத கம்பெனி மேகஸின் நாற்பது ஐம்பது டாலருக்குள் அகப்பட்டால் யோசிக்காமல் இரண்டு எடுத்துவிடுங்கள். ஹூஸ்டன் மேற்குப் பக்கம் மட்டும் தேட வேண்டாம். அங்கே கிடைத்ததையெல்லாம் நான் எடுத்துவிட்டேன்.